குவாண்டம் கணினி வந்தால் நமது இரகசியங்கள் என்னவாகும்? – பௌதிகவியல், விண்வெளி குறித்த சில கேள்விகளும் பதில்களும்

பௌதிகவியல் கற்பித்த காலத்திலிருந்தே என்னிடம் கேள்விகள் வருவது வழக்கம். முன்பெல்லாம் அவை கருந்துளை, காலப்பயணம், வேற்றுக்கிரகவாசிகள் என்பவற்றோடு நின்றுவிடும். அண்மைக்காலமாகக் கேட்கப்படுபவற்றில் பெரும்பகுதி ‘குவாண்டம்’ என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. 2025ஆம் ஆண்டை சர்வதேச குவாண்டம் விஞ்ஞான, தொழில்நுட்ப ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது இதற்கு ஒரு காரணம். அதே ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசும் ஜோன் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜோன் மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்கும் இந்தத் துறைக்காகவே வழங்கப்பட்டது. அணுவுக்குள் மட்டும் நடப்பதாகக் கருதப்பட்ட குவாண்டம் விளைவுகளை, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு மின்சுற்றில் அவர்கள் 1980களில் காட்டியிருந்தார்கள்.

கேட்பவர்கள் பலவகையினர். உயர்தர மாணவர்கள் இருக்கிறார்கள். மூட்டுவலிக்கு ‘குவாண்டம்’ கைப்பட்டி வாங்கலாமா என்று கேட்ட ஒரு தாய் இருக்கிறார். பழைய வாக்குமூலங்களையும் ஒலிப்பதிவுகளையும் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் ஊடகவியலாளர் ஒருவரும் இருக்கிறார். இந்தக் கடைசி நபர் கேட்டதுதான் எல்லாவற்றிலும் பாரதூரமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதற்கு மற்றக் கேள்விகள் சிலவற்றைக் கடந்து போக வேண்டியிருக்கிறது.

குவாண்டம் என்றால் என்ன?

மிகச் சிறிய அளவில் சக்தி தொடர்ச்சியாகக் கைமாறுவதில்லை. துண்டு துண்டாகவே கைமாறுகிறது. 1900ஆம் ஆண்டின் இறுதியில் பேர்லினில் மக்ஸ் பிளாங் இந்தக் கருத்தை முன்வைத்தார். சூடான பொருளொன்று வெளிவிடும் ஒளியின் நிறப்பரம்பலை விளக்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவருக்கே அது பிடித்தமான முடிவாக இருக்கவில்லை என்பது வேறு கதை.

மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாம் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம். ஒன்றரையாம் படியில் நிற்க முடியாது. அணுவொன்றில் இருக்கும் இலத்திரனின் நிலையும் அதுதான். எங்கள் வீதிகளில் எரிந்த பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள் நிறம் நினைவிருக்கிறதா? சோடியம் அணுவின் இலத்திரன் ஒரு குறிப்பிட்ட படியிலிருந்து இன்னொரு குறிப்பிட்ட படிக்கு இறங்கும்போது வெளிவரும் ஒளி அது. படிகளின் உயரம் மாறாததால் நிறமும் மாறாது. யாழ்ப்பாணத்து வீதியிலும் யப்பானின் வீதியிலும் அதே மஞ்சள்தான்.

ஆக, குவாண்டம் என்பது இனிமேல் வரப்போகும் ஏதோ ஒன்றல்ல. உங்கள் கைத்தொலைபேசிக்குள் இருக்கும் திரான்சிற்றர்கள், எல்ஈடி மின்குமிழ், கடைகளில் பட்டைக்குறியை வாசிக்கும் லேசர், வைத்தியசாலையின் எம்ஆர்ஐ இயந்திரம் என்று எல்லாமே இந்த விதிகளை அறிந்த பின்னர் உருவாக்கப்பட்டவை.

அப்படியானால் குவாண்டம் கைப்பட்டி வேலை செய்யுமா?

செய்யாது. காரணத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே காரணம் குவாண்டம் கணினியைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் வரும்.

குவாண்டம் விளைவுகள் மிகவும் நொய்மையானவை. சுற்றியிருக்கும் அணுக்கள் மோதினால், கொஞ்சம் வெப்பம் பட்டால், அவை கலைந்துவிடும். ஆய்வுகூடங்களில் இவற்றைச் சில மைக்ரோ செக்கன்களாவது நிலைநிறுத்துவதற்குப் பெரும்பாடு படுகிறார்கள். 37 பாகை செல்சியஸில், வியர்வையில் நனைந்த மணிக்கட்டில், ஒரு இறப்பர்ப் பட்டி அதைச் சாதித்து உடல் முழுவதற்கும் ‘சக்தி’ அனுப்புகிறது என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. உலோகக் குச்சியொன்றைக் கையில் பிடிக்கச் சொல்லி, ஈரலிலிருந்து எலும்புவரை பல பக்கங்களில் அறிக்கை அச்சிட்டுத் தரும் ‘குவாண்டம் பரிசோதனை’க் கருவிகளும் இதே வகைதான். கையால் பிடித்திருக்கும் குச்சியினால் அளக்கக்கூடியது தோலின் மின்தடையை மட்டுமே. உள்ளங்கை வியர்த்தால் அது மாறும். ஈரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பணம் மட்டும் வீணாகிறது என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை, 5ஜி அலைகளிலிருந்து காப்பதாகவும் குவாண்டம் சக்தி தருவதாகவும் விற்கப்பட்ட பதக்கங்கள், கைப்பட்டிகள் உள்ளிட்ட பத்துப் பொருட்களைப் பரிசோதித்தது. அவை கதிர்த்தொழிற்பாடு உடையவையாக இருந்தன. தொடர்ந்து அணிந்தால் தீங்கு விளையலாம், உடனே கழற்றிப் பத்திரமாக மூடி வையுங்கள் என்று அது பொதுமக்களை எச்சரித்தது. அவற்றில் ஒன்று சிறுவர்களுக்கான கைப்பட்டி. இல்லாத கதிருக்குப் பயந்து உண்மையான கதிரைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன்: கைப்பட்டிக்குக் கொடுக்கவிருக்கும் காசை மூட்டு வைத்தியரிடம் போய்வரும் செலவுக்கு வையுங்கள்.

விண்வெளியில் ஈர்ப்பு இல்லையா?

இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வீதி வழியாகப் போகும் தூரம் அவ்வளவுதான். அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் நீங்கள் நின்றால், தரையில் உள்ள நிறையில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் இருக்கும்.

விண்வெளி வீரர்கள் மிதப்பதற்குக் காரணம், அவர்களும் அவர்களுடைய கலமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதுதான். செக்கனுக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டாகப் போவதால், விழும் அளவுக்கு ஏற்பப் பூமியின் தரையும் வளைந்து விலகிப் போகிறது. ஆகவே விழுந்து முடிவதேயில்லை. 92 நிமிடங்களில் ஒரு சுற்று.

வேறொரு நட்சத்திரத்துக்குப் போக முடியுமா?

மனிதர் அனுப்பியவற்றுள் மிகத் தொலைவில் இருப்பது வொயேஜர் 1. 1977 செப்டெம்பர் 5ஆம் திகதி ஏவப்பட்டது. இப்போது சுமார் 25 பில்லியன் கிலோமீற்றர் தொலைவில், செக்கனுக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள நட்சத்திரமான புரொக்சிமா சென்டோரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. வொயேஜரின் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் எடுக்கும். எனவே நடைமுறையில் பதில் ‘இல்லை’ என்பதே.

ஆனால் வொயேஜர் பற்றி எனக்குப் பிடித்த விடயம் அதன் தூரமல்ல. 2023 நவம்பரில் அது அர்த்தமில்லாத தரவுகளை அனுப்பத் தொடங்கியது. நினைவகத்தின் ஒரு சிறிய சில்லு பழுதடைந்திருந்தது. திருத்துவதற்கு அங்கே யாரும் போக முடியாது. கட்டளை ஒன்று ஒளியின் வேகத்தில் போய்ச்சேர 22 மணித்தியாலத்துக்கு மேல். பதில் திரும்பி வர இன்னொரு 22 மணித்தியாலம். நாசா பொறியியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு முந்திய ஆவணங்களைப் புரட்டி, பழுதான இடத்திலிருந்த மென்பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, நினைவகத்தின் வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாட்கள் காத்திருந்தார்கள். 2024 ஏப்ரலில் அது மீண்டும் ஒழுங்காகப் பேசியது.

அந்த 22 மணித்தியாலத்தைக் குறைக்க முடியாதா என்றுதான் அடுத்த கேள்வி வரும். முடியாது. தகவல் எதுவும் ஒளியைவிட வேகமாகப் போக இயற்கை இடமளிப்பதில்லை. ஆனால் குவாண்டம் பின்னல் அதை மீறுகிறதே என்று மாணவர்கள் விடாமல் கேட்பார்கள்.

குவாண்டம் பின்னலைக் கொண்டு ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாமா?

ஒரு சோடிச் செருப்பை இரண்டு பைகளில் தனித்தனியாகப் போட்டு, ஒன்றைக் கிளிநொச்சியிலும் மற்றதை ரொறன்ரோவிலும் வையுங்கள். கிளிநொச்சிப் பையைத் திறந்தால் இடதுகாற் செருப்பு. அந்தக் கணமே ரொறன்ரோவில் இருப்பது வலதுகாற் செருப்பு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். இதில் அதிசயம் எதுவுமில்லை. எந்தப் பையில் எது என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. பின்னப்பட்ட துணிக்கைகளும் இப்படித்தான் இருக்க வேண்டும், நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் ஐன்ஸ்டைன் 1935இல் இரண்டு சகாக்களுடன் எழுதிய கட்டுரையின் வாதம்.

1964இல் ஜோன் பெல் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி கண்டார். அதை ஒரு விளையாட்டாகச் சொல்லலாம். இரண்டு பேரை வெவ்வேறு அறைகளில் அடைத்து, நடுவர் ஒருவர் ஆளுக்கு 0 அல்லது 1 என்ற ஓர் எண்ணை நாணயம் சுண்டிக் கொடுக்கிறார். அவர்களும் ஆளுக்கு 0 அல்லது 1 என்று பதில் சொல்ல வேண்டும். இருவருக்கும் 1 கிடைத்திருந்தால் பதில்கள் வேறுபட வேண்டும். மற்ற எல்லாச் சந்தர்ப்பங்களிலும் பதில்கள் ஒன்றாக இருக்க வேண்டும். அறைகளுக்குள் போகுமுன் என்ன திட்டம் வேண்டுமானாலும் போடலாம். உள்ளே போன பிறகு பேச முடியாது.

எப்போதும் இருவரும் 0 என்றே சொன்னால் நான்கில் மூன்று தடவை வெல்லலாம். எவ்வளவு கெட்டித்தனமாகத் திட்டம் போட்டாலும் 75 வீதத்தைத் தாண்ட முடியாது. தாளும் பேனாவும் எடுத்து நீங்களே முயன்று பாருங்கள். செருப்புச் சோடி போல் முன்கூட்டியே முடிவான எதனாலும் அவ்வளவுதான் இயலும். பின்னப்பட்ட துணிக்கைகளை ஆளுக்கொன்றாக எடுத்துச் சென்றவர்களோ சுமார் 85 வீதம் வெல்லலாம் என்கிறது குவாண்டம் கோட்பாடு. ஆய்வுகூடங்களில் அளந்து பார்த்தார்கள். 75 வீத எல்லை உண்மையிலேயே உடைந்தது. அலன் அஸ்பே, ஜோன் கிளவுசர், அன்ரன் சைலிங்கர் ஆகியோருக்கு 2022 நோபல் பரிசு இந்தப் பரிசோதனைகளுக்காகவே கிடைத்தது. ஐன்ஸ்டைன் எதிர்பார்த்தது போல் இயற்கை நடந்துகொள்ளவில்லை.

என்றாலும் செய்தி அனுப்ப முடியாது. ஏனென்றால் கிளிநொச்சியில் இருப்பவருக்குக் கிடைப்பது 0 ஆ 1 ஆ என்பதை அவர் தீர்மானிப்பதில்லை; அது எழுந்தமானமாக வருகிறது. ரொறன்ரோவில் இருப்பவருக்கும் எழுந்தமானமான ஒரு வரிசைதான் தெரியும். இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும்போது மட்டுமே பொருத்தம் வெளிப்படும். ஒப்பிடுவதற்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். தொலைபேசி ஒளியைவிட வேகமாகப் போகாது.

கருந்துளை நம்மை விழுங்கிவிடுமா?

சூரியன் இந்த நிமிடமே அதே திணிவுடைய கருந்துளையாக மாறினாலும் பூமி இப்போது சுற்றுவது போலவே சுற்றிக்கொண்டிருக்கும். இருட்டாகும், குளிரும், ஆனால் உள்ளே இழுக்கப்படாது. கருந்துளை உறிஞ்சும் இயந்திரமல்ல. தூரத்தில் இருப்பவருக்கு அதன் ஈர்ப்பும் சாதாரண ஈர்ப்புத்தான். அத்துடன் சூரியன் கருந்துளையாக மாறவும் மாட்டாது, அதற்குத் திணிவு போதாது. எரிந்து அடங்கிய நட்சத்திரம் தன் நிறையைத் தாங்கக்கூடிய எல்லை சூரியனின் திணிவைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று கணக்கிட்டவர் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் கப்பலில் அந்தக் கணக்கைத் தொடங்கியபோது அவருக்கு வயது 19. எடிங்டன் போன்ற பெரியவர் 1935இல் சபை நடுவே அதை எள்ளினார். நோபல் பரிசு 1983இல் வந்தது.

குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் பரிசோதிக்கிறதா?

செய்தித்தாள்களிலும் காணொளிகளிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த ஒரு வசனம்தான் இந்தத் துறையைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

சாதாரணக் கணினியின் பிட் 0 ஆகவோ 1 ஆகவோ இருக்கும். கியூபிட் இரண்டும் கலந்த மேற்பொருந்துகை நிலையில் இருக்கலாம். 300 கியூபிட்களின் நிலையை முழுமையாக எழுதி வைக்க 2 இன் 300ஆம் அடுக்கு எண்கள் தேவை. காணக்கூடிய பிரபஞ்சத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கையைவிட அது அதிகம். இதுவரை சொல்வது சரி. ஆனால் விடையை அறிய நீங்கள் அளந்தாக வேண்டும். அளந்த கணத்தில் அத்தனையும் கலைந்து 300 பிட்கள் மட்டுமே கையில் மிஞ்சும். எல்லா விடைகளையும் கலந்து வைத்துவிட்டு அளந்தால், எழுந்தமானமாக ஒரு விடை வரும். அதற்கு நாணயம் சுண்டினாலே போதும்.

அப்படியானால் என்ன பயன்? பயன் தலையீட்டில் இருக்கிறது. உயர்தரத்தில் படித்திருப்பீர்கள்: ஒரு அலையின் முடியும் இன்னொரு அலையின் தாழியும் சந்தித்தால் இரண்டும் அழிந்துபோகும். கியூபிட் நிலைகளுக்கு நிகழ்தகவு நேரடியாகக் கொடுக்கப்படுவதில்லை, வீச்சம் கொடுக்கப்படுகிறது. வீச்சம் மறையாகவும் இருக்கலாம். பிழையான விடைகளுக்குப் போகும் பாதைகளின் வீச்சங்கள் ஒன்றையொன்று அழிக்கும்படியும், சரியான விடைக்குப் போகும் பாதைகள் ஒன்றையொன்று பலப்படுத்தும்படியும் கணிப்பை அமைக்க வேண்டும். அமைக்க முடிந்தால் அளக்கும்போது சரியான விடை வரும். அவ்வாறு அமைக்கக்கூடிய கணக்குகள் சிலவே.

ஓர் உதாரணம். பத்து இலட்சம் பெயர்கள் கொண்ட தொலைபேசிப் புத்தகத்தில், இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் தேட வேண்டும். சாதாரணமாகச் சராசரி ஐந்து இலட்சம் பெயர்களைப் பார்க்க நேரும். 1996இல் லோவ் குரோவர் கண்டுபிடித்த குவாண்டம் முறையில் ஏறத்தாழ 800 படிகள் போதும். பெரிய முன்னேற்றந்தான். ஆனால் ‘எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது’ என்பது உண்மையானால் ஒரே படியில் முடிந்திருக்க வேண்டுமல்லவா? அந்த 800ஐக் கணிசமாகக் குறைக்கவே முடியாது என்பது கணிதரீதியாக நிறுவப்பட்டுவிட்டது.

இன்னொன்று, இவை உங்கள் மேசைக் கணினிக்குப் பதிலாக வரப்போவதுமில்லை. கூகுள், ஐபிஎம் போன்ற நிறுவனங்களின் கியூபிட்கள் தனிப் பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகையின் நூறில் ஒன்று, இரண்டு பங்கு வெப்பநிலையில் வைக்கப்படுகின்றன. வெறுமையான விண்வெளியின் வெப்பநிலையே 2.7 கெல்வின்தான், இது அதைவிட நூறு மடங்குக்கு மேல் குளிர். படங்களில் தொங்கு விளக்குப் போல் தெரியும் பொன்னிறப் பொருள் கணினியல்ல, அதன் குளிரூட்டி. இத்தனைக்குப் பிறகும் கியூபிட்கள் அடிக்கடி தவறுகின்றன. தவறுகளைத் திருத்தப் பல கியூபிட்களைச் சேர்த்து நம்பகமான ஒன்றாக ஆக்க வேண்டும். 2024 டிசம்பரில் கூகுள் தனது 105 கியூபிட் வில்லோ சில்லில், கியூபிட்களைக் கூட்டக் கூட்டத் தவறுகள் குறைவதைக் காட்டியது. அது உண்மையான மைல்கல். அதே அறிவிப்பில் வந்த ‘சாதாரணக் கணினிக்குப் பிரபஞ்சத்தின் வயதைவிட அதிக காலம் எடுக்கும்’ என்ற கூற்றை நான் அவ்வளவு பொருட்படுத்துவதில்லை. அந்தக் கணக்கு இயந்திரத்தைச் சோதிப்பதற்கென்றே ஆக்கப்பட்டது, வேறு பயன் கிடையாது. 2019இலும் 10,000 ஆண்டுகள் என்று சொன்னார்கள். இரண்டரை நாட்கள் போதும் என்று ஐபிஎம் உடனேயே மறுத்தது.

எனது இரகசியங்கள் பாதுகாப்பாக இருக்குமா?

ஊடகவியலாளர் கேட்டது இதுதான். இனிப் பதில் சொல்லலாம்.

1009ஐ 1013ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடத்தில் 1,022,117 என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். இப்போது ஒருவரிடம் 1,022,117ஐ மட்டும் கொடுத்து, எந்த இரண்டு முதன்மை எண்களின் பெருக்கம் என்று கேளுங்கள். நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். இணையத்தில் நீண்டகாலமாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ என்ற பூட்டு இந்த ஒருவழித் தன்மையில்தான் தங்கியிருக்கிறது. அதில் வரும் எண் 617 இலக்கங்கள் கொண்டது. சாதாரணக் கணினிகள் எத்தனை சேர்ந்தாலும் அதைப் பிரிக்க முடியாது.

1994இல் பீற்றர் ஷோர், தலையீட்டைப் பயன்படுத்தி இத்தகைய எண்களை வேகமாகப் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மேலே சொன்ன ‘சில கணக்குகளில்’ இதுவும் ஒன்றாக அமைந்தது நமது கெட்டகாலம். அதைச் செய்யக்கூடிய பெரிய இயந்திரம் இன்னும் இல்லை. 2001இல் ஐபிஎம் ஏழு கியூபிட்களால் 15ஐ 3, 5 என்று பிரித்தது. அதன் பிறகும் பெரிதாக முன்னேறவில்லை. ஆனால் தேவைப்படும் அளவு குறைந்துகொண்டே வருகிறது. 2019இல் கூகுளின் கிரேக் கிட்னி, மார்ட்டின் எகரோ ஆகியோரின் கணிப்பு 20 மில்லியன் கியூபிட்கள். 2025 மே மாதம் கிட்னி அதை ஒரு மில்லியனுக்குக் கீழே கொண்டுவந்தார். இன்றுள்ள இயந்திரங்களிலோ நூற்றுக்கணக்கிலும் சில ஆயிரங்களிலுமே இருக்கின்றன.

எனவே இன்றைக்கு உங்கள் வங்கிக் கணக்கை எவரும் குவாண்டம் கணினியால் திறக்கப்போவதில்லை. பயம் வேறிடத்தில். பூட்டிய நிலையில் இணையத்தில் போகும் செய்திகளை இன்றே பதிவுசெய்து வைத்துக்கொண்டு, பத்து இருபது ஆண்டுகள் கழித்து இயந்திரம் வந்ததும் திறந்து பார்க்கலாம். சேமித்து வைப்பதற்கு அரசுகளுக்கு இட வசதி தாராளமாக உண்டு. கனடாவைச் சேர்ந்த மிக்கேல் மோஸ்கா இதற்கு எளிய கணக்கொன்று சொன்னார்: இரகசியம் எத்தனை ஆண்டுகள் காக்கப்பட வேண்டும், பூட்டை மாற்ற எத்தனை ஆண்டுகள் எடுக்கும் என்ற இரண்டையும் கூட்டுங்கள். இயந்திரம் வர எடுக்கும் காலத்தைவிட அது அதிகமானால் நீங்கள் ஏற்கனவே பிந்திவிட்டீர்கள்.

கடனட்டை இலக்கம் சில ஆண்டுகளில் மாறிவிடும். ஒரு சாட்சியின் பெயர் மாறாது. இந்த நாட்டில் 1990களில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி உறவினர்கள் இன்றும் சாட்சியம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் கழிந்தும் யார் சொன்னார், எங்கிருந்து சொன்னார் என்பது ஆபத்தான தகவலாகவே இருக்கிறது. இன்று மின்னஞ்சலில் போகும் ஒரு வாக்குமூலமும் அவ்வளவு காலம் காக்கப்பட வேண்டியது. மோஸ்காவின் கணக்கில் முப்பதைப் போட்டுப் பாருங்கள்.

மாற்றுப் பூட்டுகள் இருக்கின்றன. ஷோரின் முறைக்கு அசையாத மூன்று புதிய முறைகளை அமெரிக்காவின் தேசிய நியமங்கள் நிறுவனமான நிஸ்ட் 2024 ஓகஸ்டில் நியமங்களாக வெளியிட்டது. அவை சாதாரணக் கணினியிலும் தொலைபேசியிலும் இயங்குபவை. குவாண்டம் கருவி எதுவும் தேவையில்லை. அமெரிக்க அரசு தனது கட்டமைப்புகளை மாற்றி முடிக்க 2035ஐ இலக்காக வைத்திருக்கிறது. சிக்னல் செயலி 2023 செப்டெம்பரிலும், அப்பிளின் ஐமெசேஜ் 2024இலும் இந்த வகைப் பாதுகாப்பைச் சேர்க்கத் தொடங்கின. ஆகவே முக்கியமான விடயங்களைச் சாதாரண மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம், சிக்னலைப் பயன்படுத்துங்கள், அதைப் புதுப்பித்தும் வையுங்கள் என்றேன்.

அவருக்கு ஆறுதலான செய்தியும் இருந்தது. வன்தட்டுக்களைப் பூட்டப் பயன்படும் ஏஇஎஸ் 256 என்ற முறை முதன்மை எண்களில் தங்கியிருப்பதல்ல. அதற்கு எதிராகக் குவாண்டம் கணினிக்கு இருப்பது குரோவரின் முறை மாத்திரமே, அது போதாது. எனவே நீண்ட கடவுச்சொல்லோடு பூட்டி அலுமாரியில் வைத்திருக்கும் வன்தட்டை நினைத்து அவர் கலங்கத் தேவையில்லை. கடவுச்சொல் பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டுமாக இருந்தால் அதைத் திறக்கக் குவாண்டம் கணினி தேவைப்படாது என்பதையும் சொல்லி வைத்தேன். ஏற்கனவே பழைய பூட்டுகளோடு அனுப்பிவிட்ட மின்னஞ்சல்களுக்கு மட்டும் செய்வதற்கு எதுவுமில்லை. அவற்றில் யார் யாருடைய பெயர்கள் இருந்தன என்று பட்டியலிட்டு வைத்திருப்பது, பிறகு எச்சரிக்கை செய்யவாவது உதவும்.

இங்கிருந்து இதைப் படிக்க முடியுமா?

முடியும், அதற்கு வெளிநாடு போகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடிப்படைக் கணிதம் இணைந்த கணிதப் பாடத்தில் இருக்கும் சிக்கலெண்களும் தாயங்களுந்தான். ஐபிஎம் 2016ஆம் ஆண்டிலிருந்து தனது உண்மையான குவாண்டம் கணினிகளை இணையம் வழியாகப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது; குறிப்பிட்ட அளவு நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இணைய இணைப்பும் பைதன் மொழியில் கொஞ்சம் பரிச்சயமும் போதும்.

முதலில் செய்து பார்க்க வேண்டியது இரண்டு கியூபிட்களைப் பின்னுவது. இரண்டே தருக்கப் படலைகள் தேவை: முதலாம் கியூபிட்டில் ஒரு ஹடமார்ட் படலை, பிறகு இரண்டையும் இணைக்கும் சிநொட் படலை. ஆயிரம் தடவை ஓட்டிப் பாருங்கள். கோட்பாட்டின்படி ஏறத்தாழ 500 தடவை 00, ஏறத்தாழ 500 தடவை 11 வர வேண்டும்; 01உம் 10உம் ஒருபோதும் வரக்கூடாது. உண்மையான இயந்திரத்தில் அவையும் அங்கொன்று இங்கொன்றாக வரும். அவைதான் அந்தக் குளிரூட்டிக்குள் இன்னும் திருத்த வேண்டியிருக்கும் தவறுகள்.